யுரேனஸ் தெரியுது, அல்லேரி தெரியலையா?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் தெற்கே நீலமாக ஒரு மலைத்தொடர் தெரியும். ஜவ்வாது மலை. அதில்தான் காவலூர் இருக்கு. நம்மில் பாதிப் பேர் ஸ்கூல் டூரில் போய் வந்திருப்போம். 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தைக் கடந்து மறைத்தபோது அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டதில் நம்ம மலைக்கும் பங்கு இருக்கு. 1986-ல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. நூற்றுக்கணக்கான கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒன்றை இங்கிருந்தே பார்த்து, அதுக்கு என்ன ஆச்சு என்று சொல்லக்கூடிய இடம் அது.

அதே மலைத்தொடரில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலை இருக்கு. அங்கே அத்திமரத்துக்கொல்லை என்று ஒரு குக்கிராமம். 2023 மே மாதம் அந்த ஊரில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை கிடையாது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துபோனது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது, பாதை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுவிட்டது. பெற்ற தாய் அந்தச் சின்ன உடலைக் கையில் ஏந்தி மலையேறி நடந்தார். அந்தச் செய்தியும் படமும் உங்க போனிலும் வந்திருக்கும். நாம பார்த்தோம், ஃபார்வர்டு பண்ணோம், அடுத்த ரீலுக்குப் போயிட்டோம்.

நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க. ஒவ்வொரு வருஷமும் ப்ராஜெக்ட் லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க. "கிராமப்புற நோயாளிகளுக்கான ஸ்மார்ட் ஹெல்த் மானிட்டரிங்" என்று குறைந்தது நாலு தலைப்பு இருக்கும். ஒரு துடிப்பு சென்சார், ஒரு வெப்பநிலை சென்சார், ஒரு சின்ன போர்டு, ஒரு ஆப். இப்போ கூடவே கொஞ்சம் ஏஐ. வைவாவில் டெமோ ஓடும், கைதட்டல் கிடைக்கும், மார்க் விழும். அந்தப் பெட்டி லேப் அலமாரியில் போய்த் தூங்கும். அலங்காயம் தாண்டி ஒரு பெட்டியாவது மேலே ஏறியதா?

ஏறாததுக்குக் காரணம் நம்ம சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. நாம தப்பான கேள்விக்கு விடை தேடிட்டு இருக்கோம் என்று நான் நினைக்கிறேன். "தூரத்திலிருந்து நோயை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்கிறோம். மலையில் இருக்கிறவங்க கேள்வி வேற: "இப்போ கீழே இறங்கணுமா, வேண்டாமா?"

மலைக்குத் தேவை ஒரு முடிவு

ஜவ்வாது மலையில் பெரும்பாலும் வாழ்கிறவர்கள் மலையாளி பழங்குடியினர். கேரளாவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயராகச் சொல்வார்கள். பேசுவது தமிழ்தான். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் அவர்கள் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. அதில் பல ஊர்களுக்கு மழைக்காலத்தில் ஜீப் கூடப் போகாது.

அப்படி ஒரு ஊரில் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கர்ப்பிணிக்குத் தலைவலி, கண் மங்கலாத் தெரியுது என்று வைத்துக்கொள்ளுங்க. வீட்டில் என்ன யோசிப்பாங்க? இறங்குவதென்றால் ஆள் வேணும், வண்டி வேணும், காசு வேணும். கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. வீட்டில் ஆடு மாட்டை யார் பார்ப்பது? போன தடவை இப்படித்தான் பதறி இறங்கி, அங்கே போனதும் "ஒண்ணுமில்ல, போங்க" என்று சொல்லிட்டாங்களே! சரி, காலையில் பார்க்கலாம்.

அந்தக் "காலையில் பார்க்கலாம்" என்ற வார்த்தையில்தான் உயிர் போகிறது. கர்ப்ப காலத்தில் தலைவலியும் பார்வை மங்கலும் ரத்த அழுத்தம் எகிறியதற்கான அறிகுறியாக இருக்கலாம், அடுத்தது வலிப்பாக இருக்கலாம். வீட்டுக்காரர்கள் அலட்சியமானவர்கள் கிடையாது. அவங்க கையில் இருந்த தகவலை வைத்து, அவங்க கையில் இருந்த காசை வைத்து எடுத்த முடிவு அது.

பிரசவ மரணங்களைப் பற்றி 1994-ல் தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். பொதுச் சுகாதாரம் படிக்கிற எல்லாரும் இன்னைக்கும் அதைப் படிக்கிறாங்க. "மூன்று தாமதங்கள்" என்பது அவர்கள் வகுத்தது. முதலாவது, ஆஸ்பத்திரி போகலாம் என்று முடிவெடுக்க ஆகும் தாமதம். இரண்டாவது, போய்ச் சேர ஆகும் தாமதம். மூன்றாவது, போய்ச் சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை கிடைக்க ஆகும் தாமதம். நெட்வொர்க் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மொத்த தாமதம் என்பது எல்லாக் கண்ணிகளின் கூட்டுத்தொகை. எந்தக் கண்ணி மெதுவோ அங்கேதான் கை வைக்கணும்.

தொலைதூர நோயறிதல் இரண்டாவது தாமதத்தை ஒரு நிமிஷம் கூடக் குறைக்காது. வீடியோ கால் ரோடு போடாது. ஆனா முதல் தாமதத்தை மணிக்கணக்கில் இருந்து நிமிஷக்கணக்குக்குக் கொண்டுவர முடியும். மூன்றாவதையும் குறைக்கலாம்: யார் வருகிறார், என்ன நிலையில் வருகிறார் என்று கீழே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே தெரிந்தால், வாசலில் ரத்தமும் டாக்டரும் தயாராக இருக்கும்.

அதனால் நம்ம கருவி நோயின் பெயரைச் சொல்லலைன்னாலும் பரவாயில்லை. மூன்றே பதில் சொன்னால் போதும். "இப்பவே கிளம்புங்க." "காலையில் போனாப் போதும், அதுவரைக்கும் இதைச் செய்யுங்க." "இங்கேயே பார்த்துக்கலாம்." கூடவே ஒன்று: எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கிருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கிருந்து அடுக்கம்பாறைக்கு அனுப்பி... இந்த ஏணியில் தவறான படியில் ஏறினால் அதுவும் தாமதம்தான்.

ஒரு கண்ணாடிக் குழாயின் கதை

பாம்புக்கடிக்கே வருவோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். 2024-ல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல விஷயம்.

கடித்தது எது என்று கண்டுபிடிக்க ஏதோ பெரிய மெஷின் வேணும் என்று நினைப்போம். விரியன் வகைகளின் விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும். அதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் பல வருஷமாகச் செய்கிற சோதனைக்குத் தேவை ஒரு புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய். நரம்பிலிருந்து எடுத்த சில மில்லி ரத்தத்தை அதில் விட்டு, அசைக்காமல் 20 நிமிஷம் வைக்கணும். பிறகு ஒரு தடவை சாய்த்துப் பார்க்கணும். இன்னும் தண்ணியாக ஓடினால் ரத்தம் உறையவில்லை, விஷம் ஏறியிருக்கு. பிளாஸ்டிக் குழாய் உதவாது, கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றும். பேட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம். ஊசி போடத் தெரிந்த ஒரு செவிலியர் போதும்.

அதுக்காக இந்தச் சோதனையே எல்லாம் சொல்லிவிடாது. கட்டுவிரியன் கடித்தால் ரத்தம் நன்றாகவே உறையும். அது நரம்பைத் தாக்குகிற விஷம். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களை ராத்திரியில் கடிக்கும், வலிகூடப் பெரிசாத் தெரியாது, கடித்த தடமும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இமைகள் தானாகக் கீழே இறங்கும். அந்த இமையை வீடியோவில் பார்க்கிற டாக்டருக்கு விஷயம் விளங்கிவிடும். இங்கேதான் உங்க கேமரா வேலை செய்யும். கண்ணாடிக் குழாய் சொல்லாததை இமை சொல்லும்.

ஆனா அடுத்து என்ன? விஷமுறிவு மருந்து வேணும். தூளாக உலர்த்தி வருகிற வகையை ஃபிரிட்ஜ் இல்லாமலும் வைத்திருக்க முடியும். ஆனா அதைச் செலுத்தும்போது கடுமையான ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலினும் தெரிந்த ஆளும் பக்கத்தில் இருக்கணும். மூச்சு நின்றால் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கிற பை வேணும், வண்டி இறங்குகிற வரைக்கும் அதை அழுத்திக்கொண்டே வருகிற கை வேணும். கட்டுப் போடாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே என்று சொல்ல ஊர்க்காரர்கள் நம்புகிற ஒரு குரல் வேணும். இத்தனையும் இருந்தால்தான் உங்க வீடியோ கால் ஒரு உயிரைக் காப்பாற்றும். இல்லைன்னா அது செய்தி மட்டும்தான்.

ஒரு கசப்பான வேடிக்கையும் இருக்கு. இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவைப்படும் பாம்பு விஷத்தில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? 1978-ல் தொடங்கப்பட்டு, மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. அவர்களும் ஒரு பழங்குடி. நாட்டுக்கே உயிர் கொடுக்கிற அறிவு பழங்குடி கையில் இருக்கு. அந்த மருந்து மட்டும் பழங்குடி ஊருக்குக் கடைசியாகப் போய்ச் சேர்கிறது.

எங்கே வேலை செய்தது, ஏன்?

தொலைமருத்துவம் நமக்குப் புதுசு இல்லை. வேலூரிலிருந்து அதிக தூரமில்லாத சித்தூர் மாவட்டத்து அரகொண்டாவில் 2000-லேயே ஒரு கிராம ஆஸ்பத்திரியை நகரத்து டாக்டர்களோடு இணைத்தார்கள். இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாகப் பல ஆஸ்பத்திரிகளை இணைத்தது. 2019-ல் இ-சஞ்சீவனி வந்தது. 2020 மார்ச்சில் தொலைமருத்துவ விதிமுறைகள் வந்தன. நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே ஒரு சுகாதாரப் பணியாளர் இருந்து உதவலாம் என்பதை அந்த விதிமுறைகளே ஏற்கின்றன. அதாவது சட்டமும் தொழில்நுட்பமும் ஓரளவு தயார்.

நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கிற உதாரணம் ஒன்று வேணும் என்றால் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்க. 2004 முதல் அவர்கள் கிராமங்களில் சின்னச் சின்னப் பார்வை மையங்களைத் திறந்தார்கள். தேனிப் பக்கம் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக இன்ஜினியர்களோடு சேர்ந்து, நீண்ட தூரத்துக்கு வைஃபை அனுப்பும் கோபுரங்களை நிறுத்தினார்கள். நம்ம ஆட்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது வைஃபையோடு நிறுத்திக்குவாங்க. மையத்தில் உட்கார்ந்து கண்ணைப் பரிசோதித்தது யார்? சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி எடுத்த இளம்பெண்கள். டாக்டர் மறுமுனையில் இருந்து பேசுவார். கண்ணாடி வேணும் என்றால் அதே இடத்தில் கொடுத்துவிடுவார்கள். பரிசோதனை, முடிவு, தீர்வு மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. அதனால்தான் ஜனங்க திரும்ப வந்தாங்க.

இன்னும் பக்கத்தில் ஒன்று சொல்றேன். தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கி பள்ளத்தாக்கு. அங்கேயும் மலையாளி பழங்குடி மக்கள்தான். 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்கள் முதலில் செய்தது அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தது. எடை பார்ப்பது, ரத்தசோகையைக் கவனிப்பது, எந்தக் குழந்தையை உடனே தூக்கிக்கொண்டு ஓடணும் என்று தெரிந்துகொள்வது. அப்போது அந்தப் பகுதியில் பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் 150 அளவுக்கு ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. பின்னாளில் அது 20-ஐ ஒட்டி இறங்கியது. ஏஐ கிடையாது, ஆப் கிடையாது. முடிவெடுக்கத் தெரிந்த பெண்கள் ஊருக்குள்ளேயே இருந்தார்கள், அவ்வளவுதான்.

கொஞ்சம் தூரமாகவும் போய்ப் பார்க்கலாம். ஆஸ்திரேலியா. நடுப்பகுதி முழுக்கப் பொட்டல், ஊருக்கும் ஊருக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். 1928-ல் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் பறக்கும் டாக்டர் சேவையைத் தொடங்கினார். கரண்ட் இல்லாத இடத்தில் டாக்டரைக் கூப்பிடுவது எப்படி? ஆல்ஃபிரட் டிரெய்கர் என்ற இன்ஜினியர் 1929 வாக்கில் ஒரு ரேடியோவைச் செய்து கொடுத்தார். சைக்கிள் மாதிரி மிதித்தால் கரண்ட் வரும், ரேடியோ வேலை செய்யும். பிறகு 1940களில் ஒரு மருந்துப் பெட்டி வந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண். டாக்டர் கையிலும் அதே பட்டியல். "அந்த நம்பர் மருந்தில் ஒண்ணு கொடுங்க" என்று ரேடியோவில் சொல்வார். பெயர் படிக்கத் தெரியாதவர்கூட எண்ணைப் பார்த்து எடுத்துவிடுவார். நான் பார்த்ததிலேயே அழகான யூசர் இன்டர்ஃபேஸ் அதுதான்.

ஆனா அந்தக் கதையிலும் ஒரு ஓட்டை இருந்தது. விமானமும் ரேடியோவும் வந்த பிறகும், அந்த மண்ணின் ஆதிகுடிகளான அபோரிஜினல் மக்களுக்கு மருத்துவத்தில் சம மரியாதை கிடைக்கவில்லை. 1971-ல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் அவர்களே ஒரு மருத்துவ சேவையைத் தொடங்கினார்கள். நிர்வாகம் அவர்கள் கையில். அதன் வழியில் அதே மாதிரி பல சேவைகள் நாடு முழுக்க வந்தன. நம்ம நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் அந்த எண்ணத்துக்கு நெருக்கமானதுதான்; ஆதிவாசி இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்று நடத்துகிற இடம். கருவி எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கு.

"முதல்ல ரோடு போடுங்கப்பா"

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் வரும், அது நியாயமானதும்கூட. "டெலிமெடிசின் என்பது ரோடு போடாமல் இருக்க, டாக்டர் போடாமல் இருக்க அரசாங்கத்துக்குக் கிடைக்கிற சாக்கு. நகரத்துக்காரனுக்கு நேரில் டாக்டர், மலைக்காரனுக்கு மட்டும் ஸ்கிரீனா?"

இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ரோடுக்கு மாற்று எதுவும் இல்லை. அல்லேரிக்கு ரோடு என்ற பேச்சே அந்தக் குழந்தை இறந்த செய்திக்குப் பிறகுதான் வேகம் எடுத்தது. ஒரு ரோடுக்கு விலை ஒரு குழந்தையா? வனத்துறை அனுமதி, நிதி, டெண்டர் எல்லாம் உண்மைதான். ஆனா கீழே நாலு வழிச்சாலையை ஆறு வழிச்சாலையாக்க நமக்கு வழி தெரியுதே.

ஆனாலும் ரோடு வரும் வரைக்கும் காத்திருங்க என்று இன்னைக்கு ராத்திரி காய்ச்சலில் கிடக்கிற குழந்தையிடம் சொல்ல முடியாது. அதோடு, ஒழுங்காக வடிவமைத்த தொலைநோயறிதல் ரோடுக்கு எதிரி இல்லை, சாட்சி. ஒவ்வொரு அழைப்பிலும் மூன்று நேரம் பதிவாகட்டும்: எப்போது கூப்பிட்டார்கள், எப்போது "கிளம்புங்க" என்று சொல்லப்பட்டது, எப்போது ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டார்கள். ஒரு வருஷம் கழித்து அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தால், எந்த மூன்று கிலோமீட்டர் பாதை எத்தனை மணி நேரத்தைத் தின்கிறது என்று எந்த அதிகாரியும் மறுக்க முடியாதபடி தெரியும். கிராம சபையில் அந்தக் காகிதத்தை நீட்டலாம்.

அந்தக் காகிதம் கிராம சபையின் சொத்தாகவும் இருக்கணும். நோயாளியின் பெயர், நோய் எல்லாம் நம்ம லேப் சர்வரிலோ ஏதோ ஒரு ஸ்டார்ட்அப் கம்பெனியிலோ போய் உட்கார்ந்தால், அது உதவி ஆகாது. கடுக்காய் மாதிரி இன்னொரு பொருளை மலையிலிருந்து இறக்கியதாகத்தான் ஆகும்.

கடுக்காய் என்றதும் ஞாபகம் வருகிறது. நம்ம தோல் தொழிலின் பழைய கதையில் மலைக்கு ஒரு இடம் உண்டு. குரோமியம் வருவதற்கு முன்னால் தோல் பதனிடப் பயன்பட்டது ஆவாரம்பட்டையும் கடுக்காயும். கடுக்காய் மலையில் விளைவது, மலை மக்கள் பொறுக்கிக் கீழே இறக்கியது. இன்னைக்கும் மலையிலிருந்து ஆட்கள் கூலி வேலைக்கு இறங்கி வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இத்தனை காலம் கீழே இறங்கியதற்கு ஈடாக இந்த ஊர் மேலே என்ன அனுப்பியது? இதைக் குற்றச்சாட்டாகக் கேட்கவில்லை. நாம திருப்பிச் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கு என்பதற்காகச் சொல்றேன்.

சரி, நாம என்ன செய்யலாம்?

மலையில் ஏற்கெனவே கிராம சுகாதார செவிலியர்கள் இருக்காங்க. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிபி, சுகர் பார்க்கத் தெரிந்த பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போறாங்க. உங்க பயனாளர் அவங்கதான். நோயாளியோ, சென்னையில் இருக்கிற டாக்டரோ இல்லை. அவங்களுக்காகச் செய்யும்போது என்னவெல்லாம் மாறும் என்று பாருங்க.

முதலில், சிக்னல் இல்லாமல் வேலை செய்யணும். ஈசிஜியையோ போட்டோவையோ பதிந்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறியதும் தானாக அனுப்பணும். அவசர அறிகுறி என்றால் இன்டர்நெட்டை நம்பாமல் ஒரு சாதாரண எஸ்எம்எஸ்ஸாகவே போகணும். எஸ்எம்எஸ்ஸும் போகாத இடத்தில், "இறங்குங்க" என்ற முடிவைக் கருவியே அந்த இடத்தில் சொல்லணும்.

இரண்டாவது, அவங்க மொழி. "நெஞ்சு கரிக்குது", "கண்ணு இருட்டுது", "உடம்பு அசதியா இருக்கு" என்பதெல்லாம் நோய்க்குறிகள். நகரத்துத் தமிழில் பயிற்சி கொடுத்த ஒரு குரல் மாடல் மலைப்பேச்சைத் தப்பாகக் கேட்டால், பிழை ஒரு எழுத்தில் நிற்காது. ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சம்மதம் வாங்கி, அங்கே உள்ள பாட்டிகளிடம் உட்கார்ந்து கேளுங்க.

மூன்றாவது, சென்சாரை நம்பாதீங்க, சோதியுங்க. விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் கருத்த தோலில் ஆக்ஸிஜன் அளவை உள்ளதைவிட அதிகமாகக் காட்டுகிறது என்று 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. நம்ம மலை மக்களின் தோல் நிறம் என்ன, அவங்க விரலில் எத்தனை வருஷ மண்வேலையின் காய்ப்பு இருக்கு என்று யோசித்தீங்களா? "98 சதவீத துல்லியம்" என்று ஸ்லைடில் போடும்போது, யார் விரலில் எடுத்த 98 என்று உங்களை நீங்களே கேளுங்க. தப்பாக "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் உயிர் போகும். தப்பாக "இறங்கு" என்று சொன்னால் ஒரு நாள் கூலியும், அடுத்த தடவை உங்க கருவி மேல் இருக்கிற நம்பிக்கையும் போகும். இரண்டு பிழைக்கும் விலை வேற வேற. அந்த விலையை மலையில் கேட்டுத்தான் வரம்பை முடிவு பண்ணணும்.

நாலாவது, உடைந்தால் வாணியம்பாடி பஜாரில் சரிசெய்ய முடியணும். ஆன்லைனில் ஆர்டர் போட்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டிய பார்ட் இருந்தால், அந்தக் கருவி மூன்று வாரம் செத்துக் கிடக்கும்.

ஐந்தாவது, பதில் திரும்பிப் போகணும். கீழே அனுப்பிய நோயாளிக்கு என்ன ஆச்சு என்று மேலே இருக்கிற அந்தத் தன்னார்வலருக்கு யாரும் சொல்வதில்லை. "நீங்க சரியான நேரத்தில் அனுப்பினீங்க, தாயும் பிள்ளையும் நலம்" என்ற ஒரு வரி அவங்க போனுக்குப் போனால், அடுத்த தடவை அவங்க இன்னும் தைரியமாக முடிவெடுப்பாங்க. கோடிங்கில் இது பத்து வரி. மனுஷங்க விஷயத்தில் இதுதான் மொத்த சிஸ்டத்தையும் ஓட வைக்கும்.

கடைசியாக, ஒரு பை. ஆமாம், பைதான். பிபி கருவி, ஹீமோகுளோபின் சோதனை, கண்ணாடிக் குழாய்கள், மூச்சுப் பை, எண் போட்ட மருந்துகள் எல்லாம் அதனதன் இடத்தில் உட்காரும்படி, மழையில் நனையாத, தோளில் மாட்டிக்கொண்டு மலையேறக்கூடிய ஒரு பை. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊர் ஆம்பூர். அந்த ஊருக்கு இப்படி ஒரு பை தைக்கத் தெரியாதா? மெக்கானிக்கல் பசங்க வரையட்டும், எலக்ட்ரானிக்ஸ் பசங்க உள்ளே வைப்பதைப் பார்த்துக்கட்டும், ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற உங்க அக்காவோ சித்தியோ தையல் சொல்லிக் கொடுப்பாங்க. எண் பட்டியலை வேலூரில் இருக்கிற டாக்டர்களிடம் காட்டித் திருத்தி வாங்குங்க. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஐடா ஸ்கடர் வேலூரிலிருந்து கிளம்பி, வாரத்தில் குறித்த நாளில் குறித்த மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்த மண் இது. கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டாங்க.

அடுத்த ஜீரோத் ரெவ்யூவுக்குத் தலைப்பு கொடுப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி, அலங்காயம் தாண்டி மேலே போங்க. லேப்டாப் வேண்டாம். அங்கே இருக்கிற செவிலியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன மாசம் எந்த நோயாளி விஷயத்தில், அனுப்பலாமா வேண்டாமா என்று ராத்திரி முழுக்கத் தவிச்சீங்க?" அவங்க சொல்கிற பதிலை அப்படியே எழுதிக்கொண்டு வாங்க. உங்க ப்ராஜெக்ட்டின் தலைப்பு அதுதான்.